கான்கிரீட்டின் மேல் டாம்பர்

தொம்மலூர்,
20 ஜனவரி 2025

தங்கை லட்சுமம்மாவுக்கு அண்ணன் கோவிந்தப்பா எழுதுவது.

நானும் உன் அண்ணியும் இருக்கிறோம். சர்க்கரை இருக்கிறது, மூட்டுவலி இருக்கிறது, மற்றபடி குறையில்லை. நீயும் உன் பிள்ளை சரவணனும் எலெக்ட்ரானிக் சிட்டியில் பதினாலாவது மாடியில் காற்று வாங்கிக்கொண்டு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

ஆறு வருஷமாக நீ என்னோடு வாய் திறந்து பேசுவதில்லை. போன் செய்தால் எடுக்கிறாய், நான் பேசி முடிக்கும்வரை மூச்சு மட்டும் விடுகிறாய், பிறகு வைத்துவிடுகிறாய். "அத்தை பேசமாட்டேன்னுதானேப்பா சொல்லிச்சு, எழுதமாட்டேன்னு சொல்லலையே" என்றாள் என் மகள் மகா. அதனால்தான் எழுபது வயதில் தபால்தலை வாங்க வரிசையில் நின்றேன்.

விஷயம் இதுதான். நம் வீட்டுக்குப் பக்கத்தில் அம்மா நம் இருவர் பேரிலும் விட்டுப்போன காலி இடம் இருக்கிறதல்லவா, அதைப் பின்தெருவில் வந்திருக்கும் கம்பெனிக்காரர்கள் கார் நிறுத்தக் கேட்கிறார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். அஷ்வின் என்று ஒரு மேனேஜர் வந்தான். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றினால் தன் பெயரே அவனுக்கு மறந்துவிடும்போல. "அங்கிள், காங்க்ரீட்டோ டாரோ உங்க இஷ்டம். மண்ணு மட்டும் பேடா. மழை வந்தா எங்க ஸ்டாஃப் ஷூ எல்லாம் ஹாளாயிடுது" என்றான். மண் வேண்டாமாம், அவர்கள் ஷூ பாழாகாமல் இருக்கத் தரை போட வேண்டும்.

நாற்பது வருஷம் கான்கிரீட் மேஸ்திரியாக இருந்தவன் வேறு என்ன போடுவான்? கான்கிரீட்தான். அவன் டார் என்றது நம் டாம்பரைத்தான். அது கார்ப்பரேஷன்காரன் போட்டுவிட்டு அடுத்த மழையில் தேடுகிற பொருள். அதை வீட்டு வாசலில் போடுகிறவன் வீட்டுக்குள் சாணி மெழுகலாம்.

கம்பெனியோடு கையெழுத்தாவதற்கு முன் நம் இருவருக்குள் ஒரு சம்மதப் பத்திரம் வேண்டுமாம். சம்பந்தி தனக்கோடி தமிழிலேயே எழுதித் தந்திருக்கிறார். மகாவின் மாமனார் பேங்க் மேனேஜராக இருந்தவர் என்பது உனக்குத் தெரியும். சாட்சிக் கையெழுத்தும் அவரே. மூன்று இடத்தில் பென்சிலால் குறி போட்டிருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு. படித்துப் பார்க்க வேண்டிய அவசியமில்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

கோவிந்தப்பா

*

எலெக்ட்ரானிக் சிட்டி,
1 பிப்ரவரி 2025

அண்ணனுக்கு லட்சுமம்மா எழுதிக்கொள்வது.

இங்கே சுகம். லிஃப்ட் ஓடுகிற நாட்களில் இன்னும் சுகம். உன் மூட்டுவலி குறைய வேண்டிக்கொள்கிறேன். அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் கடிதம் வந்து சேர ஆறு நாள் ஆனது. தொம்மலூரிலிருந்து நடந்து புறப்பட்டிருந்தால்கூட அன்று சாயங்காலம் இங்கே வந்து காபி குடித்திருக்கலாம். படிக்க அவசியமில்லை என்று எழுதியிருந்தாய். அதனால் இரண்டு தரம் படித்தேன்.

முதலில் தரை. நீ நாற்பது வருஷம் போட்டது கூரை. கூரைமேல் வடாம் காயும், துணி காயும், யாரும் காரை ஏற்றி நிறுத்துவதில்லை. கீழே மண் இருக்கிற தரை வேறு ஜாதி, அதை நீ ஒரு நாளும் போட்டதில்லை. தவிர, கான்கிரீட்டுக்குப் பாத்தி கட்டி மூன்று வாரம் தண்ணீர் நிறுத்த வேண்டும். கோடையில் குடிக்கிற தண்ணீருக்கே டேங்கர் வரும் திசையைப் பார்த்துக் குடத்தோடு நிற்கிற தெரு அது. டாம்பர் என்றால் ஞாயிற்றுக்கிழமை போட்டுச் செவ்வாய்க்கிழமை வண்டி விடலாம். உனக்கு இது தெரியாமலில்லை. உன் வாயில் அந்தச் சொல் வராது, அவ்வளவுதான்.

அடுத்தது பத்திரம். அதில் ஒரு பொய் இருக்கிறது. எந்த வரி என்று நான் சொல்லப்போவதில்லை, சொல்லாமலே உனக்குத் தெரியும். அதைத் திருத்து, கையெழுத்துப் போடுகிறேன். இப்போதைக்குக் குறி போட்ட மூன்று இடத்தையும் ரப்பரால் அழித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இனிப்பைக் குறைத்துக்கொள்.

லட்சுமம்மா

*

தொம்மலூர்,
13 பிப்ரவரி 2025

லட்சுமம்மாவுக்கு,

உன் கடிதமும் ரப்பர் தூளும் கிடைத்தன. அனைவரும் நலம்.

பிழையைத் திருத்திவிட்டேன். உன் வயது அறுபத்தேழு என்று இருந்தது, அறுபத்தாறு ஆக்கிவிட்டேன். வீட்டு எண்ணிலும் ஒரு இலக்கம் தவறு, அதையும் சரி செய்தாயிற்று. ஒரு வயதுக்காக இவ்வளவு ஆர்ப்பாட்டம் பண்ணுவாய் என்று நான் நினைக்கவில்லை.

டாம்பரின் பெருமையையும் கேள். ஏப்ரல் வெயிலில் பைக்கின் சைடு ஸ்டாண்டு அதில் இறங்கும். ஒரு வண்டி சாய்ந்தால் பக்கத்து வண்டி, அதற்குப் பக்கத்து வண்டி என்று வரிசையே படுத்துக்கொள்ளும். காரிலிருந்து ஆயில் சொட்டினால் சொட்டின இடம் கரைந்து குழியாகும். கான்கிரீட் முப்பது வருஷம் கிடக்கும், நம் இருவரையும் தூக்கிப்போன பிறகும் கிடக்கும். ரோட்டில் நின்று ரோலருக்குக் கொடி காட்டினவர்கள் எல்லாம் எனக்குத் தரை சொல்லித்தர வேண்டாம்.

பத்திரத்தின் புதுப் பிரதி இணைத்திருக்கிறேன். இந்தத் தடவை பேனாவால் குறி போட்டிருக்கிறேன்.

சரவணனுக்கு என் ஆசி.

கோவிந்தப்பா

*

எலெக்ட்ரானிக் சிட்டி,
1 மார்ச் 2025

அண்ணனுக்கு,

நலமாக இருக்கிறேன். நீயும் அப்படியே இருப்பதாகக் கடிதத்தின் தோரணையிலிருந்து தெரிகிறது.

சைடு ஸ்டாண்டுக்கு ஒரு சாண் தகடு போதும். பத்து ரூபாயில் தீருகிற விஷயத்துக்கு முப்பது வருஷக் கான்கிரீட்டைத் தலையில் கட்டப் பார்க்கிறவன் உன்னைத் தவிர யாருமில்லை. அது போகட்டும். தெரியாதவன்போல் நடிக்கிறாய், நானே சொல்லிவிடுகிறேன்.

"மேற்படி கோவிந்தப்பாவின் தங்கை லட்சுமம்மா, வயது 66, தொழில்: மாநகராட்சி அலுவலகப் பணி (ஓய்வு)."

எந்த அலுவலகம் அது? நான் எந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்? பதினாறு வயதில் ரோடு கேங்கில் சட்டி தூக்கப் போனேன். ஜல்லி சுமந்தேன், கொதிக்கிற டாம்பர் ஊற்றினேன், காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு ரோலருக்கு முன்னால் நடந்தேன். கடைசிப் பதினோரு வருஷம் முப்பது பேருக்கு மேஸ்திரியாக இருந்தேன். நீ சென்ட்ரிங் பழகுகிறேன் என்று கூலியில்லாமல் ஊர் சுற்றிய மூன்று வருஷமும் நம் வீட்டு அடுப்பு எரிந்தது அந்த டாம்பரில்தான். அப்போது உனக்கு அது நாறவில்லை.

மகாவின் கல்யாணத்தில் மேடையில் என்னைச் சம்பந்தி வீட்டாருக்குக் காட்டி, "எங்க சிஸ்டருங்க, கார்ப்பரேஷன் ஆபீஸ்ல இருந்தாங்க" என்றாய். அதற்கு அரைமணி நேரம் முன்னால் அண்ணி என்னை உள்ளே கூப்பிட்டு ஒரு ஜோடி சாக்ஸ் கொடுத்தாள். பட்டுப் புடவைக்குக் கீழே சாக்ஸ், ஏப்ரல் மாதத்தில். பாதத்தில் டாம்பர் சுட்ட தழும்பு அவர்கள் கண்ணில் பட்டுவிடுமாம். போட்டுக்கொண்டேன். மகா மணவறையில் இருந்தாள், அவளுக்காக வாயை மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அந்தச் சாக்ஸைக் கழற்றும்போதுதான் இனி உன்னோடு பேசுவதில்லை என்று முடிவெடுத்தேன். ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட நீ ஏன் என்று கேட்கவில்லை.

தரை எதுவாக இருந்தாலும் சரி. அந்த வரியை மாற்று. வேறொன்றும் எனக்கு வேண்டாம்.

லட்சுமம்மா

*

தொம்மலூர்,
22 மார்ச் 2025

லட்சுமம்மாவுக்கு,

உடம்பு ஒரு மாதிரியாக இருந்ததால் பதில் தாமதம். உன் அண்ணிக்கும் மனசு சரியில்லை, சாக்ஸ் விஷயத்தை நான் படித்துக் காட்டியிருக்கக் கூடாது.

பழசைக் கிளறுவதில் உனக்கு என்ன கிடைக்கிறது? தனக்கோடி எதையும் உரக்கப் படித்துக்காட்டித்தான் கையெழுத்து வாங்குவார். பேங்க் பழக்கம். என் நடுவீட்டில், அவர் மனைவி, அவர் மைத்துனர் எல்லாரும் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது, "தொழில்: ரோடு கேங்" என்று அவர் வாயால் படிக்க வேண்டுமா? மகா அங்கே வாழ வேண்டியவள். எல்லாரும் மரியாதையாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒன்றை நீயே ஏன் கெடுத்துக்கொள்கிறாய்? உன்னை உயர்த்தித்தானே சொன்னேன்.

நீ கையெழுத்துப் போடும்வரை கம்பெனிக்காரன் காத்திருக்கமாட்டான். என் பாதியில் நான் கான்கிரீட் போட்டுவிட்டேன். முந்தாநாள் ரெடிமிக்ஸ் லாரி வந்தது. ஒரே மூச்சில், ஓர் ஒட்டுப்போடாமல், கண்ணாடி மாதிரி இழுத்துவிட்டேன். தெருவே நின்று பார்த்தது. உன் பாதி மண்ணாகவே கிடக்கட்டும். அஷ்வின் வந்து இதைப் பார்த்தால், மீதியையும் போடச்சொல்லி அவனே உன் காலில் விழுவான்.

நல்லபடி இரு.

கோவிந்தப்பா

*

எலெக்ட்ரானிக் சிட்டி,
3 ஏப்ரல் 2025

அண்ணனுக்கு,

சுகத்துக்குக் குறைவில்லை.

உன் கடிதத்தில் ஒரே ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. என்னைப் பற்றி எழுதியது அல்ல, அது பழகிவிட்டது. "ஓர் ஒட்டுப்போடாமல்" என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரி. அறுபது அடி நீளத்துக்குக் கான்கிரீட்டைப் பரப்பிவிட்டு, மறுநாளே கட்டர் வைத்துப் பத்துப் பன்னிரண்டு அடிக்கு ஒரு கோடு கிழிக்கவில்லையா? கூரைக்குக் கோடு கிழிக்கமாட்டார்கள், ஒழுகும். தரைக்குக் கிழிக்காவிட்டால் அது தானே கிழித்துக்கொள்ளும், தனக்கு இஷ்டமான இடத்தில். நான் வேலையை விடுகிற சமயத்தில் ரோட்டையெல்லாம் கான்கிரீட்டாக்கினார்களே, அங்கே நாலு மாதம் நின்று பார்த்தேன். கொடி காட்டிக்கொண்டேதான் பார்த்தேன்.

மகா போனில் சொன்னாள், பத்து நாளில் இரண்டு டேங்கர்தான் வந்ததாம். மீதி நாள் வெறும் வெயிலில் காய்ந்ததாம். சாக்காவது நனைத்துப் போர்த்து. சாக்கு இல்லாவிட்டால் பிளாஸ்டிக் விரித்து ஓரத்தில் கல் வை. உனக்காகச் சொல்லவில்லை, நல்ல சிமென்ட் வீணாகிறது.

அப்புறம், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வாட்டம் வைத்தாய்? மொட்டைமாடி மாதிரி ஒரு மூலைக்குத் தள்ளியிருப்பாய். அது உன் வாசல் மூலையாக இல்லாமல் இருக்கக் கடவுள் காப்பாற்றட்டும்.

லட்சுமம்மா

*

தொம்மலூர்,
27 ஏப்ரல் 2025

லட்சுமம்மாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். வெயில் அதிகம். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

கான்கிரீட்டில் ஒரு சின்னக் கீறல் விழுந்திருக்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை. கேட்டில் ஆரம்பித்து நடுவாக வந்து, வலப்பக்கம் திரும்பி, மதில்சுவர்வரை போகிறது. இன்னொன்று அதன் குறுக்கே. சிமென்ட் சரியில்லை, இந்தக் காலத்து லாரிக்காரன்கள் எல்லாம் திருடர்கள். சென்ற வாரம் பெய்த கோடைமழையில் வாசல் கொஞ்சம் நனைந்தது. கொஞ்சம் என்றால், செருப்பு மிதந்தது.

அஷ்வின் வந்து குனிந்து குனிந்து போட்டோ எடுத்தான். கீறலின் மேல் தன் பேனாவை நிறுத்திக்கூடப் பார்த்தான். "அங்கிள், பாதி கிராக், பாதி மண்ணு. ஜூன் பதினஞ்சுக்குள்ள ஒரே மாதிரி சர்ஃபேஸ் கொடுங்க, இல்லேன்னா நாங்க வேற இடம் நோட்றோம்" என்றான். வேறு இடம் பார்த்துக்கொள்வார்களாம். நாற்பது வருஷத்தில் என் கான்கிரீட்டை ஒருவன் குனிந்து பார்த்ததில்லை.

கீறல் விட்ட கான்கிரீட்டின் மேல் டாம்பர் போட்டால் நிற்குமா என்று மகா உன்னிடம் கேட்கச் சொன்னாள். எனக்கு அதில் அக்கறையில்லை.

கோவிந்தப்பா

*

எலெக்ட்ரானிக் சிட்டி,
6 மே 2025

அண்ணனுக்கு,

நலமே.

மகாவோடு நான் வாரம் மூன்று நாள் போனில் பேசுகிறேன். அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆகவே கேட்ட ஆளுக்கே பதில் எழுதுகிறேன்.

நிற்கும். முதலில் நீ கிழிக்காத கோட்டை இப்போது கிழிக்க வேண்டும். கீறலைச் சுத்தம் செய்து உருக்கிய டாம்பரால் அடைக்க வேண்டும். உன் வாசலுக்கு ஓடுகிற தண்ணீரைத் தெருவுக்குத் திருப்ப, அந்த மூலையைக் கனமாக ஏற்ற வேண்டும். என் பாதியில் ஜல்லி போட்டு இறுக்கி, பிறகு இரண்டு பாதிக்கும் ஒரே போர்வையாக டாம்பர். ஐந்து வருஷம் தாங்கும். அதற்குமேல் என்னால் உறுதி சொல்ல முடியாது. கீழே இருக்கிற கீறல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும், அதை எந்த மேஸ்திரியாலும் தடுக்க முடியாது.

ஆளுக்கு எங்கேயும் போகாதே. என் பழைய கேங்கில் இன்னும் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சின்னத்தாயி ஒருத்தி போதும், அவள் இரண்டு ஆளுக்குச் சமம். நானே வந்து நின்று போட்டுக்கொடுக்கிறேன்.

நிபந்தனை ஒன்று, அது உனக்குத் தெரியும். அந்த வரியை டைப் அடித்து மாற்ற வேண்டாம். உன் கையால் அடித்துவிட்டு உன் கையால் எழுது. தனக்கோடி அதைப் படிக்கட்டும். அவர் காபி குடிக்கும்போதே படிக்கட்டும்.

லட்சுமம்மா

*

தொம்மலூர்,
16 மே 2025

லட்சுமம்மாவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும்.

நாலு நாள் யோசித்தேன். இப்போதே பத்திரத்தைத் திருத்தினால் தனக்கோடி என்ன, ஏன் என்று துருவுவார். முதலில் தரை முடியட்டும். போட்டு முடித்த அன்றே அவரை வரவழைத்து, அவர் முன்னால், என் கையால் எழுதுகிறேன். உன்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு என் தங்கை இன்ன வேலை செய்தவள் என்று சொல்கிறேன். அம்மாமேல் ஆணை.

ஜூன் 1 ஞாயிற்றுக்கிழமை. அன்று தெருவில் வண்டி குறைவு.

கோவிந்தப்பா

*

எலெக்ட்ரானிக் சிட்டி,
22 மே 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறோம். நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? மூட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? மகா சொன்னாள், நீ மாடிப்படி ஏறுவதையே விட்டுவிட்டாயாம். அப்படி விடக்கூடாது.

ஜூன் 1 சரி. முந்தின நாளே வந்து கோடு கிழித்து ஜல்லியை இறுக்கிவிடுவோம். ஞாயிறு காலை ஏழரைக்கு டாம்பர் கலவை வந்துவிடும். லாரி வரும்போது கேட்டை நீயே திறந்து வை, ஒரு நிமிஷம் தாமதித்தாலும் சூடு இறங்கும். நீலப் புகை வந்தால் கருகின சரக்கு, நான் திருப்பி அனுப்பிவிடுவேன், நீ இடையில் புகுந்து லாரிக்காரனோடு சமாதானம் பேசாதே. நீ பேசினால் கெட்டுப்போகும்.

சரவணன் சிரிக்கிறான், "ரிடையராகி எட்டு வருஷம் ஆச்சு, பெட்டியிலேர்ந்து அந்தப் பழைய பூட்ஸை ஏம்மா எடுத்துத் தொடைக்கிற" என்று. அவனுக்கு என்ன தெரியும். நேற்றே எண்ணெய் போட்டுவிட்டேன்.

வாய் பேசுவதைப் பற்றி அன்று பார்த்துக்கொள்வோம். உன் வாக்கை நீ காப்பாற்றினால் நானும் என் வாக்கை முறித்துக்கொள்கிறேன்.

சின்னத்தாயிக்குச் சர்க்கரை தூக்கலாக டீ வேண்டும், அண்ணியிடம் சொல்லிவை.

உன் தங்கை,
லட்சுமி

*

தொம்மலூர்,
9 ஜூன் 2025

லட்சுமிக்கு,

எட்டு நாளாக எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். நலமாக இருக்கிறாயா என்று கேட்க எனக்கு முகமில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

தரை நன்றாக இருக்கிறது. வியாழக்கிழமை பெரிய மழை. ஒரு சொட்டு என் வாசலுக்கு வரவில்லை. அஷ்வின் குனிந்து பார்த்தான், நிமிர்ந்தான், "சூப்பர் அங்கிள்" என்றான். நான் போட்டது என்று நினைத்துக்கொண்டான். இல்லை என்று நான் சொல்லவில்லை. இதையும் எழுதிவிடுகிறேன், இனி மறைத்து என்ன.

அன்று நடந்தது உனக்கும் எனக்கும் தெரியும். தெரிந்ததையே எழுதுகிறேன், நான் எழுதினால்தான் நடந்ததாக ஆகும்.

தனக்கோடியைச் சாயங்காலம்தான் வரச் சொல்லியிருந்தேன். அவர் பதினொரு மணிக்கே வந்துவிட்டார். நீ சட்டையைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டு, தலையில் துண்டு கட்டி, பூட்ஸோடு டாம்பரில் நின்று கையில் இருந்த பல் வைத்த ரேக்கால் ஓரத்தை இழுத்துக்கொண்டிருந்தாய். முகமெல்லாம் புகை. பத்தடி தூரம்கூட இல்லை.

"யாரு சம்பந்தி அந்தம்மா? காண்ட்ராக்டரா? ஆளுங்களை என்னமா வேலை வாங்கறாங்க" என்றார்.

"ஆமாங்க, காண்ட்ராக்டர்தாங்க. பழக்கமானவங்க" என்றேன்.

அதைச் சொல்ல எனக்கு ஒரு விநாடி ஆகவில்லை. யோசித்துச் சொல்லியிருந்தால்கூட மன்னிக்கலாம். தானாக வந்தது. ஆறு வருஷம் முன்னால் மேடையில் வந்ததுபோலவே வந்தது.

நீ திரும்பிப் பார்க்கவில்லை. ரோலர்காரனுக்குக் கை காட்டி முன்னால் வரச் சொன்னாய். அப்புறம் மகா டீ கொண்டு வந்து, "அத்தை, இந்தா" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டாள். தனக்கோடி உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். யார் என்று கேட்டிருந்தால் தேவலை. டீயைக் குடித்துவிட்டு, பத்திரத்தை இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சொல்லிப் போய்விட்டார். நீ கடைசி அடிவரைக்கும் முடித்தாய், மூலையில் தண்ணீர் ஊற்றி வாட்டம் பார்த்தாய், கருவிகளை டீசல் போட்டுத் துடைத்தாய், கேங்கோடு லாரியில் ஏறிப் போனாய். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பத்திரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பழைய வரியை அடித்துவிட்டு என் கையால் எழுதியிருக்கிறேன்: "தொழில்: தார்ச்சாலைப் பணி, ரோடு கேங் மேஸ்திரி (ஓய்வு)." எழுத்து கோணல்தான். தனக்கோடியிடம் இன்னும் காட்டவில்லை. நீ முதலில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால், அவர் சாட்சிக் கையெழுத்துப் போடும்போது படித்துக்கொள்வார். நான் அந்த நேரம் பக்கத்தில் இருக்க வேண்டிய அவசியமில்லை என்று நினைக்கிறேன்.

உன் கால் சுட்டிருக்கிறதா? இடது காலைச் சாய்த்து நடந்தாய்.

அண்ணன்,
கோவிந்தப்பா

*

எலெக்ட்ரானிக் சிட்டி,
23 ஜூன் 2025

திரு. கோவிந்தப்பா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் 9ஆம் தேதிக் கடிதமும் பத்திரமும் கிடைத்தன.

தங்கள் இடத்தில் தார் வேலை ஜூன் 1ஆம் தேதி முடித்துக் கொடுக்கப்பட்டது. முதல் மழைக்காலத்தில் எங்கேனும் தண்ணீர் தேங்கினாலோ ஓரம் பெயர்ந்தாலோ ஆள் அனுப்பிச் சரி செய்து தரப்படும். கனமான லாரிகளை உள்ளே விட வேண்டாம். டீசல் சிந்தினால் உடனே மண் போடவும்.

பத்திரத்தில் தொழில் சரியாக எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு நன்றி. குறிப்பிட்ட மூன்று இடங்களிலும் கையெழுத்திட்டிருக்கிறேன். கம்பெனிக்காரரிடம் தாங்கள் இனித் தாமதமின்றிப் பேசலாம்.

ஒரு திருத்தம் மட்டும் செய்திருக்கிறேன். "மேற்படி கோவிந்தப்பாவின் தங்கை" என்று இருந்த சொற்களை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் வேறெதுவும் எழுதவில்லை. பெயர், வயது, தொழில் மூன்றும் இருந்தால் போதும். இனி இதைத் தாங்கள் சம்பந்தியிடம் தயக்கமில்லாமல் கொடுக்கலாம், அவர் எவ்வளவு உரக்கப் படித்தாலும் தங்களுக்குக் குறைவு வராது.

அடித்தல் திருத்தலுக்கு இரு தரப்பும் சுருக்கொப்பம் இட வேண்டும் என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் அடித்த இடத்தின் ஓரத்தில் என்னுடையதை இட்டிருக்கிறேன். அதன் பக்கத்தில் தாங்களும் இட்டுவிடவும்.

இப்படிக்கு,
லட்சுமம்மா
ரோடு கேங் மேஸ்திரி (ஓய்வு)